செருகியதும் அணைந்த விளக்கு: திருகோணமலையில் ஒரு மடிக்கணினித் திருத்தகம்

திருகோணமலைப் பிரதான வீதியிலிருந்து பிரியும் ஒரு சிறு வீதியில், தையற்கடை ஒன்றுக்கும் போட்டோக்கொப்பிக் கடை ஒன்றுக்கும் நடுவே, ஒற்றை அறையில் நடக்கும் ஒரு மடிக்கணினித் திருத்தகத்தைப் பற்றி எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதலாமா என்று அதை நடத்தும் தம்பியிடம் கேட்டேன். இருக்கிற வேலையையே ஒருவராகச் செய்து முடிக்க முடியவில்லை, பெயர் வேண்டாம் என்றார். அவருடைய விருப்பத்தை மதிக்கிறேன். ஆனால் அங்கே நான் கண்ட வேலைமுறையை எழுதாமல் விட மனம் வரவில்லை. இயங்க மறுக்கும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு கடைகடையாக அலைந்தவர்கள் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம். ஒரு நல்ல திருத்தகம் எப்படி நடந்துகொள்ளும் என்பதை ஒருமுறை கண்டுவிட்டால், அடுத்த முறை எந்தக் கடையில் நிற்பது, எந்தக் கடையிலிருந்து திரும்புவது என்பது நமக்கே விளங்கும்.

நான் உயர்தர வகுப்புக்கு இரசாயனவியல் கற்பிக்கும் ஆசிரியை. வீடு உப்புவெளியில், கடலிரைச்சல் கேட்கும் தூரத்தில் இருக்கிறது. வாடைக்காற்று தொடங்கி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை இரவு, தவணைப் பரீட்சைக்கான வினாத்தாளை முடித்துவிட்டு மடிக்கணினியை மூடிவைத்தேன். மறுநாள் காலையில் அதற்கு உயிர் இல்லை. சுவிட்சை அழுத்தினால் விளக்கு எரியவில்லை, விசிறி சுழலவில்லை, எந்தச் சத்தமும் இல்லை. வினாத்தாள் அதற்குள்ளே இருந்தது. கடைசிப் பிரதியை வேறெங்கும் சேமிக்காதது என்னுடைய தவறு.

வீட்டிலே செய்யக்கூடியவற்றை முதலில் செய்து பார்த்தேன். சுவரிலுள்ள மின்செருகியை மாற்றினேன், நீட்டிப்பு வயரை விட்டு நேரே செருகினேன், யூஎஸ்பியில் மாட்டியிருந்த எல்லாவற்றையும் கழற்றினேன். அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சார்ஜரின் முனையிலுள்ள சிறிய வெள்ளை விளக்கு, சுவரில் செருகியதும் எரிகிறது. அதே முனையை மடிக்கணினிக்குள் செருகிய கணத்தில் அணைந்துவிடுகிறது. வெளியே இழுத்தாலும் திரும்ப எரிவதில்லை. சுவரிலிருந்து சார்ஜரைக் கழற்றிச் சில வினாடிகள் விட்டுத் திரும்பச் செருகினால்தான் மறுபடியும் எரிகிறது. இதன் பொருள் எனக்கு அப்போது தெரியாது. ஆனாலும் மூன்று நான்கு தடவை செய்து பார்த்து, ஒவ்வொரு முறையும் அதுவே நடப்பதை உறுதிப்படுத்தி, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன்.

முதலில் போனது வேறொரு கடைக்கு. அங்கே என் குறிப்பைக் கேட்க ஒருவருக்கும் நேரமில்லை. தங்களிடமிருந்த சார்ஜரைச் செருகிப் பார்த்தார்கள், மூடியைத் திறக்காமலே மதர்போர்ட் (பாகங்களெல்லாம் இணையும் பிரதான மின்சுற்றுப் பலகை) போய்விட்டது என்றார்கள், மாற்றுவதற்கு 75,000 ரூபா ஆகும் என்றார்கள். உள்ளேயிருக்கும் கோப்புகள் என்னாகும் என்று கேட்டதற்கு, அதற்கு உத்தரவாதம் தரமுடியாது என்ற பதில் வந்தது. எல்லாம் சேர்ந்து ஐந்து நிமிடம் இருக்கும். கொழும்பிலுள்ள அதிகாரபூர்வச் சேவை நிலையத்துக்கு அனுப்பலாம் என்றால், ஏறத்தாழ 260 கிலோமீற்றர் தூரம், போக வரக் கிழமைக் கணக்காகும். பரீட்சைக்கோ பத்து நாட்கள்தான் இருந்தன. இந்த நிலையில்தான் என் பழைய மாணவன் ஒருவன் இந்தச் சிறிய திருத்தகத்தைக் காட்டிவிட்டான்.

உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுவது ஒரு நீண்ட மேசை. அதன்மேல் நீல நிற றப்பர் விரிப்பு, ஒரு நுணுக்குக்காட்டி, அதோடு இணைந்த சிறிய திரை, வெப்பக்காற்று ஊதும் கருவி, வோல்ற்றளவையும் மின்னோட்டத்தையும் சிவப்பு எண்களில் காட்டும் ஒரு மின்வழங்கி. கழற்றிய திருகாணிகளைப் போடுவதற்கு, அறைகள் பிரித்த மாத்திரைப் பெட்டிகளை வைத்திருந்தார். எந்த ஆணி எந்த ஓட்டையில் இருந்தது என்பது அந்த அறைகளின் வரிசையிலேயே பதிவாகிவிடுகிறது. நீளமான ஆணியைக் குட்டையான ஆணியின் இடத்தில் முறுக்கினால் அது மறுபக்கத்துப் பலகையைத் துளைத்துவிடும் என்று பின்னர் சொன்னார். வேலைக்குரிய மரியாதையை அந்த மாத்திரைப் பெட்டியிலேயே கண்டேன்.

மடிக்கணினியைக் கையில் வாங்கியதும் அவர் திறக்கவில்லை, கேட்டார். கடைசியாக எப்போது ஒழுங்காக வேலை செய்தது, தண்ணீரோ தேநீரோ சிந்தியதா, விழுந்ததா, வீட்டில் மின்சாரம் கூடிக்குறைந்ததா, வேறு யாராவது ஏற்கெனவே கழற்றினார்களா என்று ஒன்றொன்றாகக் கேட்டு, பதில்களை ஒரு கொப்பியில் எழுதினார். சார்ஜர் விளக்கைப் பற்றி நான் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார். “ரீச்சர், பாதி வேலைய நீங்களே செய்துபோட்டீங்கள்” என்றார். உள்ளே எங்கோ ஷோர்ட் இருக்கிறது, அதாவது மின் தன் பாதையை விட்டுக் குறுக்குவழியில் பாய்கிறது, அளவுக்கு மிஞ்சிய மின்னோட்டம் இழுபடுவதால் சார்ஜர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வெளியீட்டை நிறுத்திவிடுகிறது, அதனால்தான் விளக்கு அணைகிறது, சார்ஜர் கெட்டுப்போகவில்லை என்று விளக்கினார். முதற்கடையில் கண்டதும் இதே காட்சிதான். அங்கே அது மதர்போர்டுக்கான மரணச் சான்றிதழாகிவிட்டது, இங்கே எங்கே தேடவேண்டும் என்பதற்கான முதல் தடயமானது.

அடுத்து அவர் கேட்ட கேள்விக்காகவே இந்தக் கடையை நான் தனியாகப் பாராட்டுவேன். “பிட்லொக்கர் சாவி கையில இருக்கா?” என்றார். அப்படியொன்றை நான் போடவில்லையே என்றேன். மைக்ரோசொப்ட் கணக்கின் வழியாக விண்டோஸ் 11 பயன்படுத்தும் பல கணினிகளில், நாமாகக் கேட்காமலேயே சேமிப்பகம் பிட்லொக்கர் என்ற பூட்டினால் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கும். பலகையிலுள்ள பற்றரியைக் கழற்றும்போதோ கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை நிரலான பயோஸின் அமைப்புகள் மாறும்போதோ, கணினி தன்னை யாரோ குழப்பிவிட்டார்கள் என்று கருதி, 48 இலக்கமுள்ள மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அந்தச் சாவி இல்லையென்றால், பலகையைத் திருத்தினாலும் கோப்புகளை எடுக்க முடியாது. சேமிப்பகத்தைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அதே பூட்டுத்தான். இதைக் கேட்டதும் என் நெஞ்சு ஒருகணம் நின்றது. அங்கேயே நின்று, கைத்தொலைபேசியில் என் மைக்ரோசொப்ட் கணக்கைத் திறந்து, சாதனங்களின் கீழ் தேடினால், அந்த 48 இலக்கங்களும் ஆறாறாகப் பிரித்த எட்டுத் தொகுதிகளாக அங்கே இருந்தன. அவற்றைத் தாளில் எழுதி என் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளச் சொன்னார். தன்னிடம் தரவேண்டாம் என்றார். விண்டோஸ் கடவுச்சொல்லையும் கேட்கவில்லை. கடவுச்சொல் கேட்கும் திரை வரும்வரை கொண்டுவந்துவிட்டு அழைப்பேன், நீங்களே வந்து திறந்து பாருங்கள் என்றார். தன் படங்களும் பிள்ளைகளின் மதிப்பெண்களும் வங்கி விவரங்களும் உள்ள கருவியை அந்நியர் கையில் கொடுத்துவிட்டு வரும் ஒரு பெண்ணுக்கு இந்த வார்த்தை எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதைத் திருத்தகம் நடத்துவோர் எல்லோரும் உணரவேண்டும்.

பழுது எங்கே என்று தேடிப் பார்ப்பதற்கு மட்டும் 1,500 ரூபா, திருத்தினால் அது மொத்தக் கூலியில் கழிக்கப்படும், திருத்த முடியாவிட்டாலும் அந்தத் தொகை திரும்பக் கிடைக்காது என்று முன்கூட்டியே சொன்னார். சிலருக்கு இது பிடிக்காது. எனக்கு இது நேர்மையாகவே பட்டது. பழுதைத் தேடுவதுதான் இந்தத் தொழிலின் கடினமான பகுதி. அதற்குக் கூலி இல்லையென்றால் தேடாமலே பலகையை மாற்றச் சொல்லும் பழக்கம்தான் வளரும்.

நான் பார்க்க விரும்புகிறேன் என்றதும் ஒரு பிளாஸ்ரிக் முக்காலியை நகர்த்திக் கொடுத்தார். முதலில் பின்மூடியைக் கழற்றி, உள்ளேயிருக்கும் பற்றரியின் இணைப்பைப் பிரித்தார். மின்வரும் பாதையில் மல்டிமீற்றரின் முனைகளை வைத்தபோது தடை ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்டியது. நல்ல பலகையில் அந்த இடத்தில் இதைவிடப் பன்மடங்கு கூடிய தடை இருக்கவேண்டும் என்றார். பிறகு மின்வழங்கியிலிருந்து ஒரு வோல்ற்று மட்டும் கொடுத்தார். என் சார்ஜர் தருவது 19.5 வோல்ற்று. அவ்வளவையும் கொடுத்தால் பழுதை விரைவாகக் காணலாமே என்று கேட்டேன். எந்தப் பாகம் உடைந்திருக்கிறது என்று தெரியாத நேரத்தில் கூடிய வோல்ற்றளவைக் கொடுத்தால், அது உடைந்த பாகத்தின் வழியாகப் புரொசெசருக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம், புரொசெசர் வேலை செய்வது ஏறத்தாழ ஒரு வோல்ற்றில், அதனால் அதற்கு மேலே போகமாட்டேன் என்றார்.

அதன்பின் நடந்ததை என் மாணவர்கள் அனைவருக்கும் காட்டவேண்டும்போல் இருந்தது. ஒரு மெல்லிய தூரிகையால் பலகையின் ஒரு பகுதி முழுவதும் ஐசோபுரோப்பைல் அற்ககோலைப் பூசினார். நுணுக்குக்காட்டியின் திரையில் பலகை ஈரமாக மின்னியது. மின்வழங்கியை இயக்கினார். ஷோர்ட்டான பாகத்தின் வழியாகத்தான் பெருமளவு மின்னோட்டம் பாயும், அது சூடேறும், அந்த இடத்து அற்ககோல் மற்ற இடங்களைவிட முதலில் ஆவியாகும். இரண்டு மூன்று வினாடிகளுக்குள், எள்ளைவிடச் சிறிய ஒரு பழுப்பு நிறக் கப்பாசிற்றரின் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் பாகம்) முதுகு மட்டும் உலர்ந்து மங்கியது. அதைச் சுற்றியிருந்த அத்தனையும் இன்னும் ஈரமாகவே இருந்தன. ஆவியாதலை எத்தனையோ ஆண்டுகளாகக் கரும்பலகையில் கற்பித்து வருகிறேன். அது ஒரு குற்றவாளியைக் காட்டிக்கொடுப்பதை அன்றுதான் கண்டேன்.

அந்தக் கப்பாசிற்றரின் பக்கத்தில், சார்ஜர் செருகும் துளைக்கு அண்மையில், வெண்மையும் பச்சையும் கலந்த ஒரு பூப்பு இருந்தது. உங்கள் வீடு கடலுக்குக் கிட்டவா என்று கேட்டார். உப்புவெளி, நிலாவெளி, சல்லிப் பக்கங்களிலிருந்து வரும் கணினிகளில் இந்தப் பச்சையை அடிக்கடி காண்பதாகச் சொன்னார். இதன் காரணம் எனக்குத் தெரிந்த பாடம்தான். கடற்காற்றில் மிதந்துவரும் உப்பு பலகையில் படிகிறது. சாரீரப்பதன், அதாவது காற்றின் ஈரப்பத அளவு, ஏறத்தாழ 75 வீதத்தைத் தாண்டும்போது சோடியம் குளோரைட்டு காற்றிலுள்ள நீராவியை உறிஞ்சித் தானாகவே கரைசலாகிறது. அந்தக் கரைசல் மின்னைக் கடத்துகிறது, செம்பை அரிக்கிறது. வாடைக்காலத்தில் எங்கள் வீட்டு உப்புப் போத்தல் கசிந்து கிடப்பதற்கும் கணினிக்குள் நடப்பதற்கும் அடிப்படை ஒன்றே. யன்னலோர மேசையில் இரவு முழுவதும் மடிக்கணினியைத் திறந்தபடி வைக்கும் வழக்கத்தை அன்றோடு நிறுத்தினேன்.

கெட்ட கப்பாசிற்றரை வெப்பக்காற்றினால் எடுத்தபின் திரும்ப அளந்தபோது ஷோர்ட் மறைந்திருந்தது. பழைய பலகை ஒன்றிலிருந்து அதே அளவுள்ள இன்னொன்றைக் கழற்றி அங்கே ஒட்டினார். பச்சைப் பூப்பை அற்ககோலால் மினுக்கித் துடைத்தார். தற்காலிக நினைவகமான றாமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாவிக்கும் வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசை ஊதித் திரும்பப் பூட்டினார். அன்று அதற்குமேல் செய்யவில்லை. வேறேதும் சூடேறுகிறதா என்று ஓட்டிப் பார்க்கவேண்டும், சனிக்கிழமை வாருங்கள் என்றார். சனிக்கிழமை முடியவில்லை, செவ்வாய்க்கிழமைதான் முடிந்தது. இடையில் நான் எடுத்த நான்கு அழைப்புகளுக்கும் பதில் இல்லை. இது இந்தக் கடையின் பெரிய குறை. ஒருவரே எல்லாம் செய்யும் இடம் என்பது புரிகிறது, நுணுக்குக்காட்டியில் கண்வைத்திருக்கும்போது தொலைபேசியை எடுக்க முடியாதுதான். ஆனாலும் இன்று முடியாது என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பியிருந்தால் நான் இரண்டு தடவை மழையில் நனைந்து போய்த் திரும்பியிருக்கத் தேவையில்லை.

அப்படி நனைந்து போய்க் காத்திருந்த நேரங்களில் மற்றவர்களின் கணினிகளையும் பார்க்கக் கிடைத்தது. கடைகளில் ‘நோ பவர்’ என்பதும் ‘நோ டிஸ்பிளே’ என்பதும் இரு வேறு நோய்கள் என்பதை அங்கேதான் கற்றேன். கோணேசபுரியிலுள்ள பல்கலைக்கழக வளாகத்திலிருந்து வந்த ஒரு மாணவி, கணினி இயங்கவில்லை என்று சொல்லிக் கொடுத்தார். விளக்கு எரிந்தது, விசிறியும் சுழன்றது, திரை மட்டும் கறுப்பாக இருந்தது. தம்பி ரோர்ச் ஒளியைத் திரையில் சரிவாகப் பிடித்துக் காட்டியபோது, மிக மங்கலாக, கடவுச்சொல் கேட்கும் பக்கம் உள்ளே தெரிந்தது. கணினி ஒழுங்காகவே இயங்குகிறது, திரைக்குப் பின்னாலுள்ள ஒளி மட்டும் போய்விட்டது. எச்டிஎம்ஐ வயரால் தன் பழைய மொனிற்றரோடு இணைத்ததும் எல்லாம் பளிச்சென்று வந்தன. அந்த மாணவி தன் ஆய்வறிக்கையை அங்கேயே யூஎஸ்பியில் பிரதியெடுத்துக்கொண்டு, கண் கலங்கியபடி போனார்.

கிண்ணியாப் பாலத்தைத் தாண்டி மூதூரிலிருந்து வந்திருந்த ஓர் இளைஞரின் கதை இன்னும் சிறியது. அவருடைய கணினியில் எந்த அசைவும் இல்லை. தம்பி சார்ஜரைக் கழற்றி, பற்றரியையும் கழற்றி, இயக்கும் சுவிட்சை முப்பது வினாடிகள் அழுத்திப் பிடித்தார். பின்பு சார்ஜரை மட்டும் செருகி அழுத்தினார். கணினி எழும்பியது. உள்ளே தேங்கிநின்ற மின்னேற்றத்தால் பலகையிலுள்ள கட்டுப்பாட்டுச் சில்லு சிக்கிக்கொண்டால் இப்படி நடக்கும், பற்றரி கழற்ற முடியாத கணினியிலும் சார்ஜரைக் கழற்றிவிட்டு இதேபோல அழுத்திப் பிடிக்கலாம் என்றார். அவரிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. மூதூரிலிருந்து வந்த பஸ் காசுக்காவது ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போங்கள் என்று எதிரேயிருந்த தேநீர்க் கடையைக் காட்டினார். யாருக்கும் தெரியாமல் 5,000 ரூபா வாங்கியிருக்கக்கூடிய இடம் அது. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

செவ்வாய் மாலை என் கணினியை மேசையில் வைத்தார். சார்ஜரைச் செருகும் வேலையை என்னிடமே விட்டார். செருகினேன். வெள்ளை விளக்கு அணையவில்லை. இயக்கும் சுவிட்சை அழுத்தியபின் திரை கறுப்பாகவே நின்றதால் பயந்து அவரைப் பார்த்தேன். றாமைக் கழற்றிப் பூட்டியபின் முதற்தடவை இயக்கும்போது கணினி அதை மறுபடி சோதித்துப் பழகிக்கொள்ளும், சில நேரம் ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகும், அவசரப்பட்டு நிறுத்தக்கூடாது என்றார். அந்த ஒரு நிமிடம் மிக நீளமாக இருந்தது. பிறகு நிறுவனச் சின்னம் வந்தது. அதன்பின், அவர் முதல்நாளே சொன்ன அந்த நீலத்திரை, மீட்புச் சாவியைக் கேட்டபடி வந்து நின்றது. கைப்பையிலிருந்த தாளை எடுத்து 48 இலக்கங்களையும் நானே தட்டினேன், அவர் அந்த நேரம் எழுந்து வாசலுக்குப் போய் நின்றார். வினாத்தாள் இருந்த கோப்புறையைத் திறந்தேன். வியாழக்கிழமை இரவு விட்ட இடத்தில் அப்படியே இருந்தது.

மொத்தக் கூலி, முதலில் கொடுத்த 1,500 ரூபாவும் சேர்த்து 9,000 ரூபா. காசாக மட்டுமே வாங்குகிறார். இதை முன்கூட்டியே சொல்லாததால் நான் ஏரிஎம் தேடி நடக்கவேண்டியிருந்தது. பற்றுச்சீட்டு கையால் எழுதப்பட்டது. அதில் உத்தரவாதக் காலம் இல்லை, நான் கேட்டபின்தான் முப்பது நாள் என்று எழுதிக் கையொப்பமிட்டார். அதுவும் அவர் மாற்றிய பாகத்துக்கும் அந்த மின்பாதைக்கும் மட்டும். உப்பு ஏறிய பலகையில் வேறோர் இடம் நாளை பழுதாகாது என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். ஒரு வருட உத்தரவாதம் எதிர்பார்ப்பவர்களுக்கு இந்தக் கடை சரிவராது. கொழும்பிலிருந்து பாகம் வரவேண்டிய வேலை என்றாலும் நாட்கள் எடுக்கும். திரை மாற்றுவது, விசைப்பலகை மாற்றுவது போன்ற வேலைகளின் விலையில் நகரின் மற்றக் கடைகளோடு பெரிய வேறுபாட்டை நான் காணவில்லை. அவற்றுக்காக இங்கே காத்திருக்கத் தேவையில்லை. பலகையில் பழுது என்று மற்றக் கடை கைவிரித்த கணினிக்குத்தான் இது உரிய இடம்.

போகிறவர்கள் சார்ஜரையும் கட்டாயம் கொண்டுபோங்கள். என் முன்னாலேயே இருவர் சார்ஜர் இல்லாமல் வந்து திரும்பிப் போனார்கள். இரண்டு கணினிகளிலும் பழுது சார்ஜரிலா உள்ளேயா என்று முதலில் பிரித்தறியவேண்டியிருந்தது. கடைக்குப் போகுமுன், இன்னும் வேலை செய்யும் வேறொரு கருவியில் உங்கள் மைக்ரோசொப்ட் கணக்கைத் திறந்து மீட்புச் சாவியை எழுதிக்கொள்ளுங்கள். கணக்கின் கடவுச்சொல்லே மறந்துபோனவர்கள் அதை முதலில் மீட்டெடுங்கள். கடை காலை பத்து மணிக்குமேல்தான் திறக்கிறது, வெள்ளி மதியமும் ஞாயிறும் பூட்டு.

கழற்றிய அந்தக் கப்பாசிற்றரைப் பற்றுச்சீட்டின் மூலையில் செலோரேப்பால் ஒட்டித் தந்திருக்கிறார். வெறுங்கண்ணுக்கு ஒரு தூசுபோலத்தான் தெரிகிறது. மின்னியல் கற்பிக்கும் என் சக ஆசிரியர் அதைத் தன் வகுப்பில் காட்டுவதற்காகக் கேட்டிருக்கிறார், பரீட்சை முடிந்ததும் கொடுக்கவேண்டும்.